ஒரு மேகம் ஏன் ஒரே விண்மீன் ஆவதில்லை: சேதுவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேது,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து மறுபடியும் படிக்க உட்கார்ந்துவிட்டாய் என்பதே பெரிய நிம்மதி. கையெழுத்தில் பழைய உறுதி திரும்பியிருக்கிறது. இங்கே எல்லோரும் நலம். மகள் வேறு வேலைக்கு மாறிவிட்டாள், பழைய வேலையைவிடக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது என்கிறாள். பேரனுக்கு இப்போது எதைப் பார்த்தாலும் கேள்விதான். எனக்கு ஓய்வுக்குப் பிறகு கிடைத்த நேரத்தின் பெரும்பகுதியை வானியல் கட்டுரைகளே எடுத்துக்கொள்கின்றன.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தாய். விண்வெளியிலுள்ள வாயு மேகத்தை அதன் சொந்த ஈர்ப்பே உள்ளே இழுக்கிறது என்றால், அது முழுவதும் ஒரே இடத்தில் குவிந்து ஒரு ராட்சத விண்மீனாகாமல் ஏன் நூற்றுக்கணக்கான சிறு விண்மீன்களாகிறது? நீ சாதாரணமாகக் கேட்டுவிட்டாய். இந்தத் துறையின் மையக் கேள்வியே அதுதான். ஒரு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை, அதனால் இந்தக் கடிதம் நீளும்.

ரிஷப விண்மீன் குழுவின் திசையில், சுமார் 450 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் மூலக்கூறு மேகத்தை எடுத்துக்கொள். விண்மீன்கள் பிறக்கும் இடங்களில் நமக்கு மிக அருகில் இருப்பவற்றில் அது ஒன்று. அதிலுள்ள வாயு கிட்டத்தட்ட 20,000 சூரியன்களுக்குப் போதுமானது. பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறுகள். நிறையில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் நுண்தூசு. வெப்பநிலை சுமார் 10 கெல்வின், அதாவது உறைநிலைக்குக் கீழே 260 டிகிரிக்கும் மேல். இவ்வளவு சரக்கு இருந்தும் அங்கே இதுவரை பிறந்திருப்பவை சில நூறு விண்மீன்கள்தான். அவற்றிலும் பெரும்பாலானவை சூரியனைவிடச் சிறியவை. எஞ்சிய வாயு முழுவதும் இன்னும் மேகமாகவே இருக்கிறது. உன் கேள்வியை எண்களில் எழுதினால் இப்படித்தான் வரும்.

மேகத்தின் உருவத்தைப் பார்த்தால் பதிலின் முதல் பாதி கிடைத்துவிடுகிறது. அது உருண்டையாக இல்லை, இழை இழையாக இருக்கிறது. அமெரிக்க வானியலாளர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரிஷபத்தின் பின்புல ஒளியைக் கிழித்துக்கொண்டு போகும் கருங்கோடுகளைப் படமெடுத்தார். 1919இல் இப்படிப்பட்ட 182 இருண்ட பகுதிகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார். வழியில் கிடக்கும் தூசு பின்னாலிருக்கும் விண்மீன்களின் ஒளியைத் தடுப்பதால் அவை கருப்பாகத் தெரிகின்றன. அந்தக் கோடுகள் எல்லா மேகங்களுக்கும் பொதுவான அடிப்படை அமைப்பா, ஓரிரு மேகங்களின் தனிக்குணமா என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை.

அதைத் தெளிவாக்கியது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஹெர்ஷல் தொலைநோக்கி. 2009 மே மாதம் ஏவப்பட்டது, 3.5 மீட்டர் ஆடி. 2013 ஏப்ரலில் குளிரூட்டும் ஹீலியம் தீரும்வரை வேலை செய்தது. 10 கெல்வினில் இருக்கும் தூசு கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொஞ்சமும் வீசாது. ஆனால் தொலை அகச்சிவப்பில் அதுவே ஒளிரும். பர்னார்ட் கருப்பாகப் பார்த்ததை ஹெர்ஷல் வெளிச்சமாகப் பார்த்தது. பார்த்த மேகங்களிலெல்லாம் இழைகள் இருந்தன. எனக்கு மிக முக்கியமாகப் படுவது, துருவ விண்மீனின் திசையிலுள்ள ஒரு மேகத்தில் கிடைத்த முடிவு. அங்கே விண்மீன் பிறப்பு இன்னும் தொடங்கவே இல்லை, இழைகள் மட்டும் தயாராக இருக்கின்றன. ஆக, விண்மீன்கள் பிறந்து, அவற்றின் வீச்சில் மேகம் கிழிந்து இழையானது என்று சொல்ல வழியில்லை. இழை முதலில் வருகிறது. கழுகு விண்மீன் குழுவின் மேகத்தில் எடுத்த கணக்குப்படி, விண்மீனாகப் போகும் அடர்ந்த வாயுத் திரள்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இழைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் திரள்களை இனிக் கரு என்றே எழுதுகிறேன்.

இழைகள் எங்கிருந்து வந்தன? மேகத்தின் உள்ளே வாயு ஒலியின் வேகத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கிறது. அந்தக் குளிரில் ஒலியின் வேகம் வினாடிக்கு 0.2 கிலோமீட்டர்தான். மேகத்தின் உள் அசைவுகளோ வினாடிக்கு ஓரிரு கிலோமீட்டர் வரை போகின்றன. அப்படி மோதும் இடத்தில் வாயு தகடாக நசுங்குகிறது. தகடுகள் குறுக்கிடும் இடத்தில் இழை பிறக்கிறது. காந்தப்புலத்துக்கும் இதில் பங்குண்டு, பிறகு வருகிறேன்.

சேது, இப்போது கொஞ்சம் பொறுமையாகப் படி. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

வெப்பநிலை மாறாத ஒரு வாயு உருண்டையை நசுக்குகிறாய் என்று வைத்துக்கொள். ஆரம் குறையக் குறைய ஈர்ப்பு, அழுத்தத்தைவிட வேகமாக வளரும். ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் திரும்ப முடியாது, உருண்டை சரிந்தே தீரும். ஒரு பரந்த தகட்டை நசுக்கினால் நேர்மாறு. எவ்வளவு நசுக்கினாலும் ஈர்ப்பு கூடுவதில்லை, அழுத்தம் கூடிக்கொண்டே போகும், தகடு தாங்கிவிடும். நீண்ட உருளை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உருளையில் ஈர்ப்பும் அழுத்தத்தின் எதிர்ப்பும் ஆரத்துக்கேற்ப ஒரே விகிதத்தில் கூடுகின்றன. ஆரம் பாதியானால் இரண்டுமே இரட்டிப்பாகும். ஆகவே வெல்வது எது என்பதை ஆரம் தீர்மானிப்பதில்லை. ஒரே ஓர் எண்தான் தீர்மானிக்கிறது: ஒரு பார்செக் நீளத்தில் எத்தனை சூரிய நிறை இருக்கிறது என்பது. ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு.

அந்த எல்லையை நீயே கணக்கிடலாம். ஒலியின் வேகத்தின் இருமடியை இரண்டால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 10 கெல்வினில் விடை பார்செக்குக்குச் சுமார் 16 சூரிய நிறை. வெப்பநிலை இரட்டிப்பானால் எல்லையும் இரட்டிப்பாகும். இதற்குக் கீழே இருக்கும் இழையை அழுத்தம் தாங்கிப் பிடிக்கும். மேலே போய்விட்டால், வேறு எதுவும் தாங்காதவரை, இழை தன் அச்சை நோக்கிச் சரியும். 1960களின் தொடக்கத்திலேயே வெறும் தாளில் போட்டு முடித்த கணக்கு இது. அரை நூற்றாண்டு கழித்து ஹெர்ஷல் படங்களில் பார்த்தால், கருக்கள் இந்த எல்லையை எட்டிய அல்லது தாண்டிய இழைகளின் மேல்தான் கூடிக் கிடக்கின்றன. எல்லைக்கு வெகுகீழே இருக்கும் இழைகள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கின்றன. இத்தனை எளிய ஒரு சூத்திரம் இத்தனை கலங்கிய மேகத்தில் பலிப்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

இனி இழை உடைவது. குழாயை மெல்லத் திறந்து மெலிந்த நீர்த்தாரையைக் கவனித்திருப்பாய். மேலே கண்ணாடிக் கம்பி போலிருக்கும் தாரை கீழே போகப்போகத் துளித்துளியாகிவிடும். தாரையின் தடிமனில் எப்போதும் சிறு ஏற்றத்தாழ்வுகள் இருக்கும். மெலிந்த இடத்தைப் பரப்பு இழுவிசை மேலும் நெருக்கிப் பிழிய, நீர் பருத்த இடத்துக்கு ஓடுகிறது. எல்லா ஏற்றத்தாழ்வும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. தாரையின் விட்டத்தைப் போல் சுமார் நாலரை மடங்கு இடைவெளியுள்ளவை மற்றவற்றை முந்திவிடும் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காட்டினார். வாயு இழையில் பரப்பு இழுவிசைக்குப் பதில் ஈர்ப்பு. கொஞ்சம் கூடுதலாக நிறை சேர்ந்த இடம் அக்கம்பக்கத்து வாயுவை இழை வழியாகவே தன்பால் இழுக்கிறது. இங்கேயும் ஓர் இடைவெளி மற்றவற்றை முந்துகிறது. அது இழையின் அகலத்தைப் போல் சுமார் நான்கு மடங்கு. இரு வேறு விசைகள் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன.

உன் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. முழு மேகமும் ஒரே மையத்தை நோக்கி விழுவதற்கு மிக நீண்ட காலம் தேவை. அதற்குள் இழையின் ஒவ்வொரு பகுதியும் தன் அருகிலிருப்பதைத் திரட்டி முடித்துவிடுகிறது. தூரத்து மையத்துக்குப் போய்ச்சேரும் பொறுமை அந்த வாயுவுக்குக் கிடையாது. விண்மீனின் நிறை மேகத்தின் மொத்த நிறையைப் பொறுத்ததன்று. இழையின் ஒரு சிறு துண்டில் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது.

இதோடு நிறுத்தினால் பாடப்புத்தகம் போல அழகாக இருக்கும். ஆனால் உண்மையான இழைகளை அளந்தால் கணக்கு இடிக்கிறது. ஹெர்ஷல் அளந்த இழைகளின் அகலம் பெரும்பாலும் 0.1 பார்செக்கை ஒட்டி வருகிறது. அதன் நான்கு மடங்கு 0.4 பார்செக். எல்லை நிறையோடு பெருக்கினால் ஒரு துண்டில் ஆறு சூரிய நிறைக்கு மேல் வருகிறது. நாம் காணும் கருக்களில் பெரும்பாலானவை ஒரு சூரிய நிறையை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கின்றன. இடைவெளியும் பல இடங்களில் 0.1 பார்செக் அளவுக்குக் குறுகிவிடுகிறது. சீராகவும் இல்லை. இரண்டு மூன்று கருக்கள் நெருங்கிக் கிடக்கும், பிறகு நீண்ட வெறுமை, பிறகு மறுபடி ஒரு கூட்டம். சீரான வரிசையைக் காட்டும் இழைகளும் உண்டு, நெஸ்ஸி என்று பெயரிட்ட மிக நீண்ட கரும் இழை ஒன்று அதற்குப் பெயர் பெற்றது. ஆனால் அவற்றைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

ரிஷப மேகத்தின் பி213 இழைக்கு வா. பெயரிலுள்ள பி என்பது பர்னார்ட். அவர் பட்டியலின் தொடர்ச்சியில் வந்த எண்தான் 213. பக்கத்துப் பகுதியையும் சேர்த்தால் நீளம் சுமார் 10 பார்செக். படத்தில் ஒற்றைக் கோடாகத்தான் தெரியும். 2013இல் ஆல்வாரோ ஹகார் குழுவினர் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடின் ரேடியோ அலைகளைத் துல்லியமாக அளந்தார்கள். வாயு நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்பது அந்த அலைநீளத்தின் சிறு மாற்றத்தில் தெரிந்துவிடும். ஒரே இடத்தில் வேகம் இரண்டாக, சில இடங்களில் மூன்றாகப் பிரிந்து வந்தது. அவற்றை ஒழுங்காகத் தொடுத்துப் பார்த்தபோது, ஒற்றை இழையாகத் தெரிந்தது, கயிற்றின் புரிகளைப் போல 35 தனித்தனிப் புரிகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் சராசரியாக அரை பார்செக் நீளம். ஒவ்வொரு புரியின் உள்ளேயும் வாயு அமைதியாக இருக்கிறது, ஒலியின் வேகத்தைத் தாண்டிய கொந்தளிப்பு இல்லை. இவற்றில் சிலதான் கருக்களைச் சுமக்கின்றன. சுமப்பவை ஒன்றோடு நிற்காமல் கூட்டமாகச் சுமக்கின்றன. மற்றவை ஒன்றுமில்லாமல் கிடக்கின்றன.

இதிலிருந்து கிடைக்கும் கதை இரண்டு கட்டங்களாக நடக்கிறது. பெரிய இழை முதலில் புரிகளாகப் பிரிகிறது. போதுமான நிறை சேர்ந்த புரி மட்டும் பிறகு கருக்களாக உடைகிறது. ஓரியனின் பெரிய இழையில் ஆல்மா ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு பார்த்தபோதும் 55 புரிகள் கிடைத்தன என்று 2018இல் அதே ஹகார் குழு எழுதியது. நிறையும் நெரிசலும் மிகுந்த அந்த இடத்துக்கும் அமைதியான ரிஷபத்துக்கும் வேறுபாடு, ஓரிடத்தில் எத்தனை புரிகள் நெருங்கிக் கிடக்கின்றன என்பதில்தான் என்கிறார்கள் அவர்கள். கணினி உருவகங்களைச் செய்பவர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. பார்வைக்கோட்டில் முன்னும் பின்னுமாகத் தொலைவிலிருக்கும் வாயுத் துண்டுகள் தற்செயலாக ஒரே வேகத்தில் இருந்தால், ஒரே புரி போலத் தோன்றிவிடும் என்கிறார்கள். எச்சரிக்கை நியாயமானது. இருந்தாலும் பி213இல் கருக்கள் கூட்டம் கூட்டமாகக் கிடப்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை படிக்கவில்லை. அதனால் புரிகளின் பக்கமே நிற்கிறேன்.

0.1 பார்செக் அகலம் பற்றியும் சண்டை இருக்கிறது. நிறை பல மடங்கு மாறினாலும் அகலம் மாறாதது ஏன் என்று ஒரு தரப்பு காரணம் தேடுகிறது. கொந்தளிப்பு ஒலியின் வேகத்துக்குக் கீழே அடங்கும் அளவும் ஏறக்குறைய 0.1 பார்செக்தான் என்பது அவர்களுக்குச் சாதகம். மறு தரப்பு, தொலைவிலுள்ள மேகங்களில் அளந்தால் அகலம் கூடுதலாக வருகிறது, ஆகவே அது தொலைநோக்கியின் பிரிதிறனோடு, அதாவது நுண்விவரங்களைப் பிரித்துக் காட்டும் திறனோடு, கலந்த அளவு என்கிறது. அருகிலுள்ள மேகங்களின் அளவுகளை நான் நம்புகிறேன், தூரத்து மேகங்களுக்கு அந்த எண்ணை எடுத்துச் செல்லத் தயங்குகிறேன்.

காந்தப்புலம் பற்றிச் சொல்வதாக எழுதினேன் அல்லவா? 1953இல் நம் சந்திரசேகரும் என்ரிக்கோ ஃபெர்மியும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அச்சு வழியாகக் காந்தப்புலம் ஓடும் நீண்ட உருளை தன் ஈர்ப்பால் எப்படி உடையும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அவர்கள் மனத்தில் இருந்தது நம் பால்வீதியின் சுருள் கரங்கள். காந்தப்புலம் வலுக்க வலுக்க உருளை உடைவது தாமதமாகும், துண்டுகளும் நீளமாகும் என்று காட்டினார்கள். இழைகளைப் பற்றி இன்று எழுதுபவர்கள் அந்தக் கட்டுரையை இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். வெள்ளைக் குறுமீன்களின் எல்லை நிறை என்றால் எல்லோருக்கும் சந்திரசேகர் நினைவுக்கு வருகிறார், இந்தக் கட்டுரையை நினைப்பவர்கள் குறைவு. அது எனக்கு ஒரு குறை.

ஆனால் உண்மையான அடர்ந்த இழைகளில் புலம் பெரும்பாலும் அச்சு வழியாக ஓடுவதில்லை. நீண்ட தூசுத் துகள்கள் காந்தப்புலத்துக்குக் குறுக்காக அணிவகுப்பதால் அவை வீசும் அலைகள் முனைவாக்கம் பெறுகின்றன, அதாவது ஒரு திசையில் அதிகமாக அதிர்கின்றன. அதிலிருந்து புலத்தின் திசை தெரியும். பிளாங்க் செயற்கைக்கோள் அதை வானம் முழுவதும் அளந்தது. மெலிந்த வாயுவில் புலமும் இழையும் ஒரே திசையில் போகின்றன. அடர்ந்த இழைகளிலோ புலம் குறுக்காக நிற்கிறது. மின்னூட்டத் துகள்கள் கலந்த வாயு புலத்தின் வழியே எளிதாக ஓடும், குறுக்கே ஓடுவது கடினம். அப்படியானால் இழைக்கு இரு பக்கமிருந்தும் புலத்தின் வழியாக வாயு வந்து கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். பி213இன் பக்கங்களில் அதற்குச் செங்குத்தாக மெல்லிய கீற்றுகள் தெரிகின்றன, புலத்தின் திசையிலேயே. அவை வழியாக இழை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பது பொதுவான கருத்து. பத்து இருபது லட்சம் ஆண்டுகளில் இப்போதைய நிறையைச் சேர்த்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆக, இழை முழுதாக உருவாகி முடித்துப் பிறகு உடைவதில்லை. சேர்வதும் உடைவதும் கூடவே நடக்கின்றன. பழைய கணக்குகள் நிலையான, முடிவில்லாத உருளையை எடுத்துக்கொண்டன, அவை இடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உண்மையான இழைக்கு முனைகளும் உண்டு. முனைகளில் ஈர்ப்பு ஒரு பக்கமாக மட்டும் இழுப்பதால் அங்கேயே வாயு முதலில் குவியும்.

கரு கிடைத்துவிட்டது என்றால் கதை முடிந்ததா என்றால், இல்லை. 2015இல் ஹைமே பினேடா குழுவினர் பெர்சியஸ் மேகத்தில் பர்னார்ட் 5 என்ற கருவை அம்மோனியாவின் ரேடியோ அலைகளில் பார்த்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒற்றைக் கரு. உள்ளேயும் இழைகள் இருந்தன. அந்த இழைகள் மேலும் உடைந்து மூன்று திரள்கள், ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தை விண்மீன் ஒன்று, ஆக நான்கு. சுமார் 40,000 ஆண்டுகளில் மற்ற மூன்றும் விண்மீன்களாகும் என்று கணித்தார்கள். இரட்டை விண்மீன்களும் மூன்று நான்காகச் சேர்ந்திருப்பவையும் வானில் ஏன் இத்தனை என்று நீ முன்பொரு கடிதத்தில் கேட்டாய். அதற்கான ஒரு வழியை நேராகப் பார்த்ததாக இதை எடுத்துக்கொள்ளலாம். பிறந்த பிறகும் பழைய அடையாளம் போய்விடுவதில்லை. 2024இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி சர்ப்ப விண்மீன் குழுவின் ஒரு நெபுலாவைப் படமெடுத்தது. அதன் ஒரு மூலையில் பல குழந்தை விண்மீன்கள் வெளியே வீசும் வாயுப் பீச்சுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. அவை தம் சுழற்சியின் திசையை ஒரே தாய் இழையிடமிருந்து பெற்றிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒரு கருவின் வாயு முழுவதும் விண்மீனாவதும் இல்லை. பிறக்கும் விண்மீன் வீசும் பீச்சுகளே கணிசமான பகுதியை வெளியே தள்ளிவிடுகின்றன. கருக்களின் நிறைப் பரவலையும் விண்மீன்களின் நிறைப் பரவலையும் பக்கத்தில் வைத்தால் வடிவம் ஒத்துப்போகிறது, கருக்களின் நிறை மட்டும் மூன்று மடங்கு அளவில் கூடுதலாக இருக்கிறது. இந்த ஒற்றுமையை அளவுக்கு மேல் நம்பக் கூடாது என்பவர்களும் உண்டு. மிகப்பெரிய விண்மீன்கள் பிறக்கும் இடங்களில் இந்த ஒற்றுமை குலைகிறது. அங்கே பல இழைகள் ஒரு முடிச்சில் வந்து சேர்ந்து வாயுவை ஊட்டுகின்றன. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு கடிதம் தேவைப்படும்.

ஹெர்ஷலின் படங்கள் பொதுவில் கிடைக்கின்றன. உன் மகனிடம் சொல்லி, ரிஷப மேகத்தின் படத்தைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டச் சொல். பி213இன் நீளவாக்கில் மெல்லப் போனால் பிரகாசமான முடிச்சுகள் எங்கே கூடுகின்றன, எங்கே காணாமல் போகின்றன என்று உன் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணுக்கு அதிக சிரமம் கொடுக்காமல், மருத்துவர் சொன்ன நேரத்துக்குள் பார்த்தால் போதும். பார்த்துவிட்டு அந்த இடைவெளிகள் சீராக இருப்பதாக உனக்குத் தோன்றுகிறதா என்று எழுது. இந்த வழக்கில் உன் தீர்ப்பை அறிய எனக்கு ஆவல்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
மாணிக்கம்